பேனாவும் பைத்தானும்: இங்கிலாந்துப் பள்ளிகளில் கணினித் தேர்வு, அன்றும் இன்றும்

2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளின் பாடத்திட்டத்துக்கும் தேர்வுகளுக்கும் பொறுப்பாக இருந்தது கியூ.சி.ஏ. என்ற அரசு அமைப்பு. அந்த ஆண்டு அது ஒரு ஐந்தாண்டுத் திட்டத்தை அறிவித்தது. 2009-க்குள் புதிதாக வரும் எல்லாத் தேர்வுகளையும் கணினித் திரையில் எழுத வழி இருக்க வேண்டும். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வுகளில் பெரும்பாலானவற்றுக்கும் அந்த வசதி வந்துவிட வேண்டும் என்பது இலக்கு.

2025 டிசம்பரில், இன்றைய தேர்வுக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்க்வால் வேறொரு முன்மொழிவை மக்கள் கருத்துக்கு வைத்தது. ஒவ்வொரு தேர்வு வாரியமும் அதிகபட்சம் இரண்டு பாடத்திட்டங்களைத் திரைத்தேர்வாகக் கொண்டுவரலாம். அவையும் ஒரு லட்சத்துக்குக் குறைவானவர்கள் எழுதும் பாடங்களாக இருக்க வேண்டும். மாணவர்கள் சொந்த மடிக்கணினியைத் தேர்வறைக்குக் கொண்டுவரக் கூடாது. எல்லாம் கூடி வந்தாலும் மாணவர் அதை எழுத 2030-ஐ ஒட்டி ஆகிவிடும். முன்னதில் இருந்த துள்ளல் பின்னதில் துளியும் இல்லை.

இந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையில் திரைத்தேர்வை உண்மையிலேயே நடத்திப் பார்த்த பாடம் கணினிப் பாடம். நீச்சலைக் குளத்தில் இறக்கிச் சோதிப்பதுபோல, கணினித் திறனைக் கணினியில் சோதிப்பதுதானே இயல்பு என்று தோன்றும். அந்த இயல்பான காரியம் அங்கே எவ்வளவு சுற்றி வந்தது, வந்த வழியில் எதைப் பெற்றது, எதைத் தொலைத்தது என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

படிவத்தில் நிரல், படத்தில் சாட்சி

1970-களில், ஜி.சி.எஸ்.இ.க்கு முன்பிருந்த ஓ லெவல் படித்த பிள்ளைகளுக்குக் கணினி என்பது கண்ணில் படாத பொருள். கட்டம் போட்ட படிவத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று பென்சிலால் நிரல் எழுதுவார்கள். அது பக்கத்து ஊர்க் கல்லூரிக்கோ நகராட்சி அலுவலகத்துக்கோ போகும். அங்கே அட்டையில் துளையிட்டு ஓட்டுவார்கள். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அந்தத் தகவல் சில நாள் கழித்து அச்சுத்தாளில் திரும்பி வரும். தேர்வும் இயல்பாகவே காகிதத்தில் நடந்தது. வேறு எதில் நடத்துவது?

1981-ல் பி.பி.சி. நிறுவனத்தின் கணினி அறிவுத் திட்டத்துக்காக கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் பி.பி.சி. மைக்ரோ என்ற கணினியை உருவாக்கியது. பள்ளிகள் கணினி வாங்க அரசு பாதி விலையைக் கொடுத்தது. ஒரு தலைமுறை பேசிக் மொழியில் வரி வரியாகத் தட்டிப் பழகியது. பிறகு 1990-களில் பள்ளிக்குள் விண்டோஸ் வந்தது; வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் வந்தன. பாடத்தின் பெயரே ஐ.சி.டி. (தகவல், தொடர்புத் தொழில்நுட்பம்) என்று மாறி, நிரல் எழுதுவது ஓரத்துக்குப் போனது. கடிதம் அடிப்பது, அட்டவணை போடுவது, படவில்லை தயாரிப்பது நடுவில் வந்து உட்கார்ந்தன.

அந்தக் கால ஜி.சி.எஸ்.இ. ஐ.சி.டி. தேர்வில் மதிப்பெண்ணின் பெரும்பங்கு வகுப்பில் செய்யும் திட்டப்பணிக்கு. மாணவர் ஒரு கற்பனைக் கடைக்கான தரவுத்தளத்தைத் தயாரிப்பார். தயாரித்ததற்குச் சாட்சி வேண்டுமே? ஒவ்வொரு படியிலும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிட வேண்டும். ‘இங்கே அழுத்தினேன்’ என்று அம்புக்குறி போட்டு விளக்க வேண்டும். கோப்பில் கோத்து ஆசிரியரிடம் தர வேண்டும். அச்சு இயந்திரத்தின் மை தீர்ந்துபோவது மார்ச் மாதத்து நெருக்கடிகளில் ஒன்று. வேலை நடந்தது கணினியில். மதிப்பெண் விழுந்தது அந்த வேலையின் நிழற்படத்துக்கு. வேலையைவிட அதைப் பதிவு செய்யத்தான் அதிக நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

கற்பனை நகரமும் வந்து விழும் மின்னஞ்சல்களும்

இந்தக் காகிதக் கட்டிலிருந்து விடுபடத்தான் 2000-களின் தொடக்கத்தில் ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. பதினான்கு வயதில், அதாவது ஒன்பதாம் ஆண்டு முடிவில், நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் எழுத வேண்டிய ஐ.சி.டி. தேர்வு ஒன்றை முழுக்கத் திரையில் அமைக்க கியூ.சி.ஏ. முடிவு செய்தது. மென்பொருளை உருவாக்கும் பொறுப்பு ஆர்.எம். நிறுவனத்துக்குப் போனது. கோடிக்கணக்கான பவுண்டு செலவானது. 2008 முதல் சட்டப்படி கட்டாயம் என்பது திட்டம்.

அந்தத் தேர்வின் வடிவம் இன்று பார்த்தாலும் வியக்க வைக்கும். மாணவர் உள்நுழைந்ததும் ஒரு கற்பனை நகரத்துக்குள் போகிறார். அங்கே அவருக்கென்று ஒரு மேசைத்திரை இருக்கிறது. சொல் தொகுப்பி, விரிதாள், தரவுத்தளம், மின்னஞ்சல், தேடுபொறி எல்லாம் உண்டு; எதுவும் மைக்ரோசாஃப்டுடையது அல்ல. எந்த நிறுவனத்தின் மென்பொருளைப் பழகியவருக்கும் கூடுதல் சலுகை கிடைக்கக் கூடாது என்பதற்காகத் தேர்வுக்கென்றே புதிதாகச் செய்தவை. வெளியுலக இணையத்துக்குக் கதவு கிடையாது. தேடக் கிடைக்கும் பக்கங்களும் தேர்வுக்காக எழுதப்பட்டவை. மின்னஞ்சலில் ஒருவர் ஒரு வேலை கேட்பார்: இந்தத் தகவலைத் திரட்டு, கணக்குப் போடு, இன்னாருக்கு ஏற்றபடி ஒரு பக்கமாக அமைத்து அனுப்பு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே புதுச் செய்தி வந்து தேவையை மாற்றும். அலுவலகத்தில் உட்கார்ந்தவருக்கு இது பழகிய கதைதான்.

புதுமை அதற்குப் பின்னால் இருந்தது. மாணவர் எந்த மென்பொருளைத் திறந்தார், எந்தச் சொல்லைத் தேடினார், எதைத் திருத்தினார், வந்த தகவலைச் சரிபார்த்தாரா என்று ஒவ்வொரு அசைவையும் கணினி குறித்துவைத்தது. முடிவில் கிடைத்த பக்கத்தோடு, அதை எட்டிய வழியும் மதிப்பிடப்பட்டது. மதிப்பிட்டதும் கணினியே. மனிதத் திருத்துநர் கிடையாது. அசைவுகளின் தொகுப்பைக் கொண்டு இந்தப் பிள்ளை தேசியப் பாடத்திட்டத்தின் எந்த நிலையில் நிற்கிறது என்று அது சொல்லிவிடும்.

நூற்றுக்கணக்கான பள்ளிகளில் ஆண்டுக்கு ஆண்டு முன்னோட்டம் நடந்தது. அங்கேதான் நிலத்தின் மேடு பள்ளம் தெரிந்தது. ஒரு பள்ளியின் வலையமைப்பு தாங்கியது, அடுத்த பள்ளியினுடையது தாங்கவில்லை. ஓராண்டில் இருநூறு பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் முப்பது கணினி உள்ள அறை இரண்டோ மூன்றோதான். எல்லாரும் எழுதி முடிக்கும்வரை மற்ற வகுப்புகளுக்கு அந்த அறைகள் இல்லை. இதைவிட ஆழமான ஐயம் ஒன்றும் இருந்தது. நிலை ஐந்து என்று இயந்திரம் சொல்கிறது, ஆறு என்று ஆசிரியர் சொல்கிறார். யார் சொல்வது சரி? தேடுபொறியில் ஒரு பிள்ளை மூன்று முறை சொல்லை மாற்றிப் போடுகிறது. அது தடுமாற்றமா, விடாமுயற்சியா? அசைவை எண்ண இயந்திரத்துக்குத் தெரியும். அதற்குப் பொருள் சொல்வதில்தான் சிக்கல்.

2007-ல் அரசு பின்வாங்கியது. தேர்வு கட்டாயமாகாது, விரும்பும் பள்ளிகள் வகுப்புப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு, விடைத்தாள் திருத்தும் ஒப்பந்தத்தில் நடந்த பெருங்குழப்பத்துக்குப் பின், அதே வயதினருக்கான ஆங்கில, கணித, அறிவியல் தேசியத் தேர்வுகளையும் கல்வி அமைச்சர் எட் பால்ஸ் கைவிட்டார். கற்பனை நகரத்தை அதன்பின் யாரும் தேடவில்லை.

அளக்க எளிதானவை

கட்டாயத் தேர்வு போனாலும் திரைத்தேர்வு போகவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தது. 2005-ல் எடெக்செல் வாரியம் டிடா என்ற பட்டயத்தைக் கொண்டுவந்தது. முழுமையாக முடித்தால் நான்கு ஜி.சி.எஸ்.இ.க்குச் சமம். அச்சுத்தாள் இல்லை, மாணவர் தன் படைப்புகளை இணையத்தளம்போலத் தொகுத்துத் தர, மதிப்பீட்டாளர் அதை உலாவியில் திறந்து பார்ப்பார். எண்ணம் நல்லது. ஆனால் அந்த ‘நான்குக்குச் சமம்’ பள்ளிகளின் தரவரிசைப் பட்டியலில் விலை மதிப்புள்ள சரக்காகிவிட்டது. தொழிற்கல்விச் சான்றிதழ்களுக்குக் கொடுக்கப்பட்ட இப்படிப்பட்ட மிகை மதிப்பை 2011-ல் அலிசன் உல்ஃப் அறிக்கை சுட்டிக்காட்டியது. அதன்பின் கணக்கு முறை இறுக்கப்பட்டது.

பிறகு ஐரோப்பியக் கணினி ஓட்டுநர் உரிமம் என்ற இ.சி.டி.எல். தேர்வு பள்ளிக்குள் பரவியது. பெரியவர்கள் அலுவலக வேலைக்காக எடுத்துவந்த சான்றிதழ் அது. திரையில் எழுதலாம், கணினியே திருத்திவிடும், ஒரு ஜி.சி.எஸ்.இ.யின் இடத்தில் பள்ளியின் கணக்கில் சேரும். சில பள்ளிகள் சில நாள் தீவிரப் பயிற்சியிலேயே முடித்துவிட்டன. 2016-ல் எழுதியோர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. மற்ற பாடங்களில் தடுமாறும் பிள்ளைகள் இதில் மட்டும் உயரே நின்றதைக் கண்டு கேள்விகள் எழுந்தன. 2018 முதல் தரவரிசைக் கணக்கிலிருந்து அதை நீக்கினார்கள். பள்ளிகளின் ஆர்வமும் வடிந்தது.

கற்பனை நகரத் தேர்வு கடினமானதை அளக்க முயன்று தோற்றது. ஓட்டுநர் உரிமத் தேர்வு எளிதானதை அளந்து வென்றது. அந்த வெற்றியாலேயே மதிப்பிழந்தது. திரைத்தேர்வு என்றாலே பொத்தானை அழுத்தத் தெரியுமா என்று பார்க்கும் தேர்வு என்ற எண்ணம் பலர் மனத்தில் படிந்தது அப்போதுதான்.

நிரலுக்குத் திரும்பிய நாடு

2011 ஆகஸ்டில் எடின்பரோவில் உரையாற்றிய கூகுளின் எரிக் ஷ்மிட், மென்பொருளைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் பிரிட்டன் அது எப்படி உருவாகிறது என்று கற்றுத்தரவில்லை என்று சாடினார். 2012 ஜனவரியில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், ஐ.சி.டி. பாடத்திட்டம் சலிப்பூட்டுகிறது என்று சொல்லி அதை அகற்றப் போவதாக அறிவித்தார். அதே மாதம் பள்ளிக் கணினிக் கல்வி பற்றி ராயல் சொசைட்டி என்ற அறிவியல் அமைப்பின் அறிக்கை வந்தது. அதைத் தயாரித்த குழுவின் தலைவர் ஸ்டீவ் ஃபர்பர், முப்பது ஆண்டுகளுக்கு முன் பி.பி.சி. மைக்ரோவை வடிவமைத்தவர்களில் ஒருவர். 2014 செப்டம்பரில் புதிய கணினிப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் படிமுறை, பதினான்கு வயதுக்குள் எழுத்து வடிவ நிரல்மொழி ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஜி.சி.எஸ்.இ. ஐ.சி.டி. மூடப்பட்டது. கணினி அறிவியல் அதன் இடத்தில் வந்தது.

புதிய பாடத்தில் நிரல் திறனைச் சோதிக்க முதலில் ஒரு திட்டப்பணி வைத்தார்கள். இருபது மணி நேரம் வகுப்பில் கண்காணிப்போடு செய்ய வேண்டும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண். 2017 இலையுதிர்காலத்தில் அந்தப் பணிகளின் கேள்விகளும் விடைகளும் இணையத்தில் உலவத் தொடங்கின, ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். 2018 ஜனவரியில் ஆஃப்க்வால் முடிவை அறிவித்தது: பணியைச் செய்யத்தான் வேண்டும், மதிப்பெண் சேராது. மதிப்பெண் இல்லாத இருபது மணி நேர வேலையைப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் வாங்குவது எத்தனை பாடு என்பதை எந்த ஊர் ஆசிரியரும் ஊகிக்கலாம். பின்னர் அதையும் எடுத்துவிட்டு, நிரல் திறனைத் தேர்வறைக்குள்ளேயே சோதிக்கும்படி வாரியங்களுக்குச் சொன்னார்கள்.

இன்று மூன்று வாரியம், மூன்று வழி

2020-ல் தொடங்கி 2022-ல் முதல் தேர்வு கண்ட பாடத்திட்டங்களில் எடெக்செல் வாரியம், அதாவது பியர்சன், திரையைத் தேர்ந்தெடுத்தது. இரண்டாம் தாள் இரண்டு மணி நேரம், 75 மதிப்பெண், மொத்தத்தில் சரிபாதி. மாணவர் தேர்வுக்கென்று திறந்த தனிக் கணக்கில் நுழைகிறார். இணையம் கிடையாது. கோப்புறைக்குள் சில பைத்தான் கோப்புகள் காத்திருக்கும். ஒன்றில் பிழை திருத்த வேண்டும். ஒன்றில் விடுபட்ட வரிகளை நிரப்ப வேண்டும். இன்னொன்றில் கலைந்து கிடக்கும் வரிகளை ஒழுங்குபடுத்த வேண்டும். கடைசிக் கேள்வியில் கோரிக்கை மட்டும் இருக்கும். நிரலை அடியிலிருந்து கட்ட வேண்டும். பைத்தானின் எந்தப் பகுதிகள் தேர்வில் வரும் என்ற பட்டியலும் கையில் உண்டு; கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இங்கே இரண்டு விஷயங்கள் 2000-களிலிருந்து தலைகீழாக மாறியிருக்கின்றன. அன்று தேர்வுக்கென்றே தனி மென்பொருள் செய்தார்கள். இன்று வகுப்பில் நாள்தோறும் பழகும் நிரல் எழுதும் மென்பொருளிலேயே தேர்வும் நடக்கிறது. அன்று இயந்திரம் திருத்தியது. இன்று மனிதர் திருத்துகிறார். நிரல் ஓடாவிட்டாலும் யோசனை சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. மாறிகளுக்குப் பொருத்தமான பெயர் வைத்திருக்கிறாரா, சிக்கலைப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறாரா என்றும் பார்க்கிறார்கள். எழுதுபவருக்கு ஒரு சௌகரியம்: நிரலை ஓட்டிப் பார்க்கலாம். பிழை என்று இயந்திரம் சொன்னால் திருத்தி மறுபடி ஓட்டலாம். நிரல் எழுதுவோர் அன்றாடம் செய்வது இதுதான். ஐந்து நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடிப்பவருக்கும், கண்டுபிடிக்க முடியாமல் பதறுபவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காகிதத்தால் காட்ட முடியாது.

ஏ.கியூ.ஏ. வாரியத்தின் ஜி.சி.எஸ்.இ. இன்னும் காகிதத்தில்தான். பைத்தான், சி ஷார்ப், விஷுவல் பேசிக் என்று மூன்று மொழிகளில் தனித்தனி வினாத்தாள் அச்சிடுகிறார்கள்; மாணவர் நிரலைப் பேனாவால் எழுதுகிறார். இதே வாரியம் மேல்வகுப்பின் ஏ லெவல் படிப்பில் 2009-லிருந்தே திரைத்தேர்வு நடத்துகிறது என்பது வேடிக்கை. அங்கே ஒரு பெரிய நிரலின் சட்டகத்தை மாதங்களுக்கு முன்பே பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அதை அலசிப் படித்துவிட்டு வந்து, தேர்வறையில் கேட்கும் மாற்றங்களைச் செய்ய வேண்டும். செய்ததை மின்விடை ஆவணம் ஒன்றில் ஒட்ட வேண்டும். நீண்ட காலம் அந்த ஆவணத்தை அச்சிட்டு, துளையிட்டு, கயிறு கோத்துத் தபாலில்தான் அனுப்பினார்கள். ஸ்கிரீன்ஷாட் கோப்புகளின் ஆவி அவ்வளவு சீக்கிரம் விலகுமா?

பெரும்பாலான பள்ளிகள் தேர்ந்தெடுக்கும் ஓ.சி.ஆர். வாரியத்தில் இரண்டு தாளும் காகிதம். தேர்வுக்கென்றே ஒரு போலிநிரல்மொழி வைத்திருக்கிறார்கள். அதிலோ தெரிந்த நிரல்மொழியிலோ எழுதலாம். ஆகவே இன்றும் இங்கிலாந்தின் பெரும்பான்மைக் கணினி மாணவர்கள் தேர்வறையில் விசைப்பலகையைத் தொடுவதில்லை. பிளஸ் டூ பொதுத்தேர்வில் பைத்தானைப் பேனாவால் எழுதும் நம் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. வேடிக்கையின் அடுத்த பாதி திருத்தும் இடத்தில் இருக்கிறது: பேனாவால் எழுதிய விடைத்தாளை ஸ்கேன் செய்து திருத்துநருக்குத் திரையில்தான் அனுப்புகிறார்கள். அந்த மாற்றம் 2000-களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. திரைக்கு முதலில் குடிபோனவர்கள் திருத்துநர்கள்தான்.

பள்ளிகள் காகிதத்தை விரும்புவதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டும் அன்று. கணினி போதாத பள்ளி மாணவர்களைக் குழு குழுவாக எழுத வைக்க வேண்டும். முதல் குழு அடுத்த குழுவைச் சந்திக்காமல் காவல் போட வேண்டும். ஒரு கணினி நின்றுபோனால் நேரத்தைக் கணக்கிட்டுக் கூடுதலாகத் தர வேண்டும். தேர்வறையில் கண்காணிப்பாளரோடு தொழில்நுட்ப உதவியாளரும் நிற்க வேண்டும். பேனாவில் மை தீர்ந்தால் இன்னொரு பேனா போதும்.

யாருக்கு முன்னால் திரை?

இதுவரை சொன்னதைக் கேட்டால், தட்டுத் தடுமாறி நல்ல தேர்வு ஒன்றை எட்டிவிட்டார்கள் என்று தோன்றும். எட்டியது உண்மை, பைத்தான் தாள் அதற்குச் சான்று. ஆனால் எழுதுபவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் கதை வேறு. கற்பனை நகரத் தேர்வு ஆண்டுக்கு ஆறு லட்சம் பிள்ளைகளுக்கு, அந்த வயதில் உள்ள எல்லாருக்கும் வர இருந்தது. இன்றைய ஜி.சி.எஸ்.இ. கணினி அறிவியலை எழுதுவோர் ஆண்டுக்குச் சுமார் 90 ஆயிரம். அவர்களிலும் ஒரு சிறுபான்மைதான் திரையில் எழுதுகிறது. 2015-ல் ஐ.சி.டி. எழுதியவர்களில் பெண் பிள்ளைகள் 43 விழுக்காடு. 2023-ல் கணினி அறிவியலில் அவர்கள் 21 விழுக்காடு என்று லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வு காட்டியது. ஐ.சி.டி. பாடம் சலிப்பூட்டியது உண்மைதான். ஆனாலும் அந்த வாசல் வழியாகப் பலர் உள்ளே வந்தார்கள்.

விரிதாளில் ஒரு சூத்திரம் தவறினால் கண்டுபிடிக்கத் தெரியுமா, இணையத்தில் கிடைத்த தகவலைச் சரிபார்க்கத் தெரியுமா, ஒருவருக்கு அனுப்பும் ஆவணத்தை அவருக்கு ஏற்றபடி அமைக்கத் தெரியுமா? இவை 2005-ல் தேர்வுக் கேள்விகள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பத்தியை மாணவர் அப்படியே ஒட்டும் இந்தக் காலத்தில் இவற்றின் தேவை கூடியிருக்கிறது. இன்று நாடு முழுவதுக்குமான எந்தத் தேர்வும் எல்லாப் பிள்ளைகளிடமும் இவற்றைக் கேட்பதில்லை. செல்பேசியோடு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது. அது வெறும் நம்பிக்கைதான். யாரும் சோதித்துப் பார்த்த முடிவு அன்று.

2025 நவம்பரில் பெக்கி பிரான்சிஸ் தலைமையிலான பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, கணினி அறிவியல் ஜி.சி.எஸ்.இ.யை விரிவான கணினிப் பாடமாக மாற்றப் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே ஆஃப்க்வாலின் எச்சரிக்கையான முன்மொழிவும் வந்தது. இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால், பைத்தான் தாள் கற்றுத்தந்ததையும் கற்பனை நகரம் கேட்ட கேள்விகளையும் இணைக்க வாய்ப்பிருக்கிறது: பழகிய மென்பொருள், மனிதத் திருத்துநர், அன்றாட வேலையை ஒத்த பணி. அதற்குப் பாடத்திட்டக்காரர்களின் துணிவைவிட, நடுத்தரப் பள்ளி ஒன்றின் கணினி அறையில் எத்தனை கணினிகள் உள்ளன, அவற்றைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே முதல் தேவை. 2004-ன் திட்டம் வழுக்கியது அந்த இடத்தில்தான். 2030 வெறும் இன்னொரு தேதியாக முடியாதிருக்க வேண்டுமானால், தேர்வுத்தாள் வடிவமைப்புக்கு ஒதுக்கும் பணத்துக்கு முன்பாக அந்த அறைக்குப் பணம் போக வேண்டும்.